பக்கத்து வீட்டுக்குச் சொல்லாத இரட்டை

உங்கள் பகுதியில் ஒரு தாய்க்கு இரட்டைப் பிள்ளை என்று ஸ்கானில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். கர்ப்பிணிக் கார்டில் சிவப்பு மைக் குறிப்பு, அடிக்கடி கிளினிக், கர்ப்பப்பை வாயின் நீளம் பார்க்க இன்னொரு ஸ்கான், வழக்கத்தை விடக் கூடுதலாக வீட்டுக்குப் போய்ப் பார்த்தல். அதையெல்லாம் நான் திருப்பி ஒப்புவிக்கப் போவதில்லை. நான் ஓய்வு பெற்றவள். பாடம் என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாக நினைவிருக்கும். நான் சொல்ல வந்தது நான் விட்ட ஒரு பிழையை. அந்தப் பிழை அறியாமையால் வந்ததென்றால் இவ்வளவு கூச்சம் இருக்காது. நல்ல பெயர் எடுக்க ஆசைப்பட்டதால் வந்தது.

கொட்டாஞ்சேனையில் வீடு வீடாகப் போய்த் தாய்மாரைப் பார்க்கிற மருத்துவமாதுவாக நான் நடந்த காலம் கொஞ்சநஞ்சம் அல்ல. வெள்ளவத்தையில் இருந்து காலையில் பஸ் ஏறி, கையில் குடையும் தோளில் பையுமாக இறங்கினால், பின்னேரம் வரைக்கும் தொடர்மாடிப் படிகள்தான். எந்த வீட்டில் யாருக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது, யாருக்குக் கலைந்தது, யார் யாருக்குத் தெரியாமல் கர்ப்பத்தடை ஊசி போடுகிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றும் வெளியே வராது. "அந்த மிஸ்ஸுக்கு வாயில பூட்டு" என்று தமிழ் ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் சிங்கள ஆட்களும் ஒரே மாதிரிச் சொல்வார்கள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? பதவி உயர்வு கிடைத்தபோதுகூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

அந்தப் பூட்டின் மேல் நம்பிக்கை வைத்துத்தான் யோகாவின் மாமியார் என்னிடம் வந்தார். யோகா என்பது அந்தப் பிள்ளையின் உண்மையான பெயர் இல்லை. இதில் வருகிற மற்றவர்களின் பெயர்களும் அப்படித்தான். கணவனின் குடும்பம் வெகு காலத்துக்கு முன்பே பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்து கொழும்புக்கு வந்து குடியேறியது. யோகா வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்தாள், ஐந்தாம் மாதம் வரைக்கும். கணவனுக்குக் கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற இடத்தில் வேலை. மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. அதற்கு முந்திய வருடம் அவளுக்கு ஒரு பிள்ளை ஐந்து மாதத்தில் தவறிப் போயிருந்தது. அது ஒற்றைப் பிள்ளை. இம்முறை ஸ்கானில் இரண்டு என்று வந்ததும் அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. சந்தோஷத்தைக் காட்டவே பயந்து போய் இருந்தார்கள்.

மாமியார் என்னைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"மிஸ், போன தடவ மூணாம் மாசத்துலயே எல்லார்கிட்டயும் சொல்லிட்டோம். கண்ணு பட்டுருச்சி. இந்த வாட்டி ரெண்டுனு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. முக்கியமா அந்தப் பக்கத்து வீட்டம்மாவுக்கு."

"ஏன், பரீனாவோட ஏதும் பிரச்சினையா?"

"சே, தங்கமான மனுசி. ஆனா அவுங்களுக்கு ரெட்டப் புள்ள பொறந்து ஒண்ணு தவறிருச்சில்ல? அவுங்க வேணும்னு பாக்க மாட்டாங்க மிஸ். ஆனா ஒரு பெருமூச்சு வந்துட்டா?"

பரீனா எதிர்க்கதவு. இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவில் நான்கு எட்டுத்தான் இருக்கும். அவளுடைய இரட்டைப் பிள்ளைகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தன. நான் அந்தப் பகுதிக்கு வருவதற்கு முன்பு நடந்தது அது. ஒரு மகள் தப்பினாள், மகன் மூன்றாம் நாள் போய்விட்டான். இந்தக் கதை தொடர்மாடி முழுக்கத் தெரியும். இதை வைத்து அவளை யாரும் ஒதுக்கவில்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் வளைகாப்பு, தொட்டில் போடுகிற நாள் என்று வந்தால் அவள் வீட்டுக்குச் சாப்பாடு மட்டும் தட்டில் போகும். ஆளை யாரும் கூப்பிட மாட்டார்கள். அவளும் தட்டைக் கழுவி, சும்மா கொடுக்கக் கூடாதென்று இரண்டு வாழைப்பழம் வைத்துத் திருப்பி அனுப்புவாள்.

நான் அந்த மாமியாரிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது கேட்டால் மணிக்கணக்காகச் சொல்வேன். அன்றைக்குச் சொன்னது ஒரே வசனம்தான்.

"என்ர வாயில இருந்து வராது, பயப்பிடாதேங்கோ."

அதோடு விட்டேனா? பூட்டுக்கு மேல் பூட்டாகப் போட்டுக்கொண்டே போனேன். கிளினிக்கில் யோகாவைக் கடைசியாகக் கூப்பிட்டேன், மற்றத் தாய்மார் போன பிறகு. வீட்டுக்குப் போனால் குரலைத் தாழ்த்திக் கதைத்தேன். கார்டை எங்கே போனாலும் கையோடு கொண்டு போக வேண்டும் என்று எல்லாத் தாய்மாருக்கும் நாங்கள் சொல்வோம் அல்லவா? அந்த வீட்டில் கார்டை மஞ்சள் துணியில் சுற்றி முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். சிவப்பு மையை யாரும் பார்த்துவிடக் கூடாதாம். நான் அதைக் கண்டேன், சிரித்தேன், விட்டுவிட்டேன். சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று பகிடியும் விட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

ஆறாம் மாதம் முடிகிற நேரம் ஒரு நாள் படியில் பரீனா என்னைப் பிடித்தாள். காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, சுற்றும் பார்த்து, மெதுவாகக் கேட்டாள். 'இருக்கு' என்பது அவள் வாயில் 'ஈக்கு' என்றுதான் வரும்.

"மிஸ், அந்தப் புள்ளட வயிறு மாசத்துக்குக் கூடவா ஈக்கே? ரெண்டா?"

நேரே முகத்துக்கு முகம் கேட்டாள். நான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"இல்ல பரீனா. பிள்ளை கொஞ்சம் பெரிசு, தாய் சின்ன உடம்பு. அதுதான் அப்பிடித் தெரியுது."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அவள் முகத்தில் உண்மையாகவே ஒரு நிம்மதி தெரிந்தது. "நான் பயந்துட்டன் மிஸ். ரெண்டெண்டா எவ்வளவு கவனமா ஈக்கணும்."

நான் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனேன். வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பில் நடை கொஞ்சம் மிடுக்காகவே இருந்தது.

இருபத்தொன்பதாவது கிழமையில், அதாவது ஏழாம் மாதம் நடக்கும்போது, ஒரு காலை. பொகவந்தலாவையில் மாமியாரின் தங்கை இறந்துபோய், அவர் முதல் நாளே மரண வீட்டுக்குப் போயிருந்தார். கணவன் வேலைக்குப் போய்விட்டான். அவனுடைய வேலையிடத்தில் போன் உள்ளே கொண்டு போக முடியாது. வாசலில் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எண்ணெய் இருக்கிற இடம் அல்லவா. எனக்கு அன்று தடுப்பூசிக் கிளினிக். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் வீரிட்டு அழுகிற இடத்தில் பைக்குள் இருக்கிற போன் யாருக்குக் கேட்கும்? தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தபோது பத்தரை மணி. யோகாவிடம் இருந்து நான்கு அழைப்புகள் வந்து போயிருந்தன.

திருப்பி எடுத்தேன். பேசியது பரீனா.

"மிஸ், யோகா என்ட வீட்டிலதான் ஈக்கிறா. ஒண்டும் இல்ல, இடுப்பு வலி. படியில கம்பியப் புடிச்சிட்டு நிண்டத கண்டு கூட்டிட்டு வந்தன். வாயுவா ஈக்கும். இஞ்சித் தண்ணி குடுத்துப் படுக்க வச்சீக்கிறன்."

"எப்ப இருந்து?"

"எட்டு மணி போல இருந்தாம்."

"வயிறு இறுகி இறுகி விடுகுதோ எண்டு கேட்டனீங்களா?"

"கேட்டன் மிஸ். மூணு தரம் கேட்டன். இல்லெங்கிறா."

போனை யோகாவிடம் கொடுக்கச் சொன்னேன். அவள் குரல் வாய்க்குள்ளேயே நின்றது.

"மிஸ்... இறுகுது. விட்டு விட்டு வருது. கீழ ஏதோ பாரமா அழுத்துது. அவுங்க பக்கத்துல இருக்காங்க மிஸ். சொல்லிடாதீங்க."

இரட்டை வயிற்றில் இறுகி விடுகிற இடுப்பு வலியும் கீழே பாரமும் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உடனே குடையை எடுத்தேன். "அசையாம படு, நான் இப்ப வாறன்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். நான் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் தோன்றியது. கதவைச் சாத்திவிட்டுப் பார்க்கலாம், ஆட்டோ பிடிக்கலாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம். ஒருவருக்கும் ஒன்றும் தெரிய வராது.

அப்போதுதான் புத்தியில் ஒன்று உறைத்தது. அந்த நேரத்தில் கடைத்தெரு வாகன நெரிசலைத் தாண்டி நான் அங்கே போக இருபது நிமிடம். மூன்று மாடி ஏற வேண்டும், பிறகு அவளை இறக்க வேண்டும், பிறகு ஆஸ்பத்திரி. அவளுக்குப் பக்கத்தில் ஏற்கனவே ஒரு பெண் இருக்கிறாள். கையும் காலும் உள்ள, புத்தியும் உள்ள பெண். அவளுக்குத் தெரியாத ஒரே விஷயம், நான் பொய் சொல்லி மறைத்த விஷயம். அப்படியென்றால் நான் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடப் போவது எதற்காக? பிள்ளைகளுக்காகவா, இல்லை என் வாய்ப் பூட்டுக்காகவா? கேள்வி அவ்வளவுதான். பதில் உடனே தெரிந்துவிட்டது. தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

"யோகா, போனை ராத்தாட்ட குடு." ராத்தா என்றால் அக்கா. அவள் பரீனாவை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"வேணாம் மிஸ். அத்தைக்குத் தெரிஞ்சா..."

"அத்தைக்கு நான் பதில் சொல்லுறன். நீ குடு பிள்ளை."

போன் கைமாறியது. நான் சுற்றி வளைக்கவில்லை.

"பரீனா, உள்ளுக்கு ரெண்டு பிள்ளை. இருபத்தொன்பது கிழமை. நான் உங்களிட்டப் பொய் சொன்னனான். இது வாயு இல்ல."

அவள் என்னைத் திட்டினாலும் அழுதாலும் அதற்கு நேரமில்லையே என்று நான் பதறிக்கொண்டு இருந்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

"கொஞ்சம் ஈங்கொ மிஸ். நான் வயித்துல கைய வைக்கிறன்." பிறகு, "இந்தா, இறுகுது" என்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாளாம். அது விட்டு, அடுத்தது வரும்வரைக்கும் நானும் போனில் காத்திருந்தேன். "நாலு நிமிசம் மிஸ். தண்ணி உடையல்ல. இப்ப நான் என்ன செய்யணும், சொல்லுங்கொ."

குறைமாதப் பிள்ளைகளைப் பார்க்க வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே போகச் சொன்னேன். பக்கத்தில் இருக்கிறது என்று சின்ன இடங்களுக்குப் போக வேண்டாம், எனக்காகக் காத்திருக்க வேண்டாம், ஆட்டோவில் இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள் என்றேன்.

"கார்ட் வேணும் பரீனா. அதில சிவப்பால எழுதியிருக்கு. அதைக் கண்டாத்தான் வாசல்ல மினைக்கெடுத்தாம உள்ள விடுவினம்."

"எங்க ஈக்கி?"

"அவையின்ர சாமித் தட்டில. முருகன் படத்துக்குப் பின்னால."

அவள் போனை யோகாவின் கையில் வைத்துவிட்டுப் போனாள். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. இந்த அவசரத்தில் இவள் என்ன செய்கிறாள் என்று எனக்கு எரிச்சல் கூட வந்தது. பிறகு யோகா சொல்லித்தான் தெரியும். அடுத்த வீட்டுச் சாமித் தட்டில் கை வைக்கப் போகிறோமே என்று அவள் கையைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறாள்.

நான் கிளினிக்கை என்னோடு வேலை செய்தவளிடம் ஒப்படைத்துவிட்டு, எங்கள் டொக்டர் மூலம் ஆஸ்பத்திரி வார்டுக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வைத்தேன். பிறகு ஆட்டோ பிடித்தேன். குடையை மறந்து விட்டுப் போனேன். என் வேலைக் காலம் முழுக்க அந்த ஒரு முறைதான் அதை மறந்தேன்.

நான் போய்ச் சேரும்போது யோகாவை உள்ளே கொண்டு போயிருந்தார்கள். வாசலில் நின்ற தாதி, அபாயா போட்ட பெண்ணையும் நெற்றியில் பொட்டு வைத்த பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மெயாகே கவுத?" என்று சிங்களத்தில் கேட்டாராம், இவளுக்கு யார் நீங்கள் என்று. "அக்கா" என்றாளாம் பரீனா. தாதியும் அப்படியே எழுதிக்கொண்டார்.

கர்ப்பப்பை வாய் திறக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் முழுக்கத் திறக்கவில்லை. வலியை நிறுத்தி வைக்க மருந்து, பிள்ளைகளின் நுரையீரல் பலப்பட ஊசி. இளம் டொக்டர் ஒருவர் வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "ஒரு நாளாவது தள்ளிப் போட்டா ஊசி வேலை செய்யும் மிஸ். மத்தியானம் வந்திருந்தா எங்களுக்கு அந்த நேரமும் இருந்திருக்காது."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. எட்டு மணிக்கு வலி தொடங்கியது. எட்டே காலுக்கே பரீனா அவளைக் கண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு இஞ்சித் தண்ணியில் போன இரண்டு மணித்தியாலத்துக்கும் மேல், அவ்வளவும் என் கணக்கு.

வராந்தாவில் ஒரு வாங்குப் பலகையில் பரீனா இருந்தாள். கையில் அந்த மஞ்சள் துணி. கார்டை உள்ளே கொடுத்துவிட்டுத் துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கி வைத்திருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன். அவளே பேசத் தொடங்கினாள்.

"நான் உங்கட பேச்ச நம்பினன் மிஸ். மிஸ் சொன்னா சரிதானே எண்டு."

"ஓம்" என்றேன்.

"எனக்கிட்ட ஏன் மறச்சாங்க எண்டும் வெளங்குது. நான் கோவிக்கல்ல. எத்தினயோ வருசமா பழகிப் போச்சி." துணியை இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள். "ஆனா மிஸ், இந்த வலி என்ன வலியெண்டு இந்த மாடியில எனக்கு மட்டுந்தானே தெரியும். எனக்கும் இதே மாசம். எனக்கும் வாயுவெண்டுதான் பக்கத்துல உள்ளவங்க சொன்னாங்க. ரெண்டெண்டு தெரிஞ்சிருந்தா அவ இல்லெண்டு சொன்னாலும் நான் நம்பியிருப்பனா?"

நான் அழுதேன். வேலை உடுப்பில் இருக்கிற மருத்துவமாது ஆஸ்பத்திரி வராந்தாவில் அழக் கூடாதுதான். அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிவிட்டாள். ஆறுதல் சொல்ல வேண்டியவள் யார், சொன்னவள் யார் என்று பாருங்கள்.

அடுத்த நாள் மத்தியானம் மாமியார் பஸ்ஸில் வந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். மரண வீட்டுச் சேலையோடு. என்னைக் கண்டதும் முதல் கேள்வி அதுதான்.

"சொல்லிட்டீங்களா மிஸ்?"

"ஓம். சொன்னனான்."

"நான் உங்கள நம்பித்தானே..."

"நம்பினீங்கள் அம்மா. நான் முதல் நாளே மாட்டன் எண்டு சொல்லியிருக்க வேணும். அது என்ர பிழை. நேற்றுச் சொன்னது பிழை இல்ல."

அவர் உள்ளே போனார். கட்டில் ஓரத்தில் பரீனா இருந்து யோகாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார். "வாங்கொ மாமி, இவ சாப்பிட மாட்டெங்கிறா, நீங்க ஏசுங்கொ" என்றாள் பரீனா. மாமியார் போய் மருமகளை ஏசினார். எனக்கு உயிர் வந்தது.

ஒரு நாள் கேட்டோம், ஐந்து நாள் கிடைத்தது. ஆறாம் நாள் காலையில் பிள்ளைகள் பிறந்தன. முதலில் பெண், பிறகு ஆண். இரண்டும் ஆளுக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மூச்சு விடக் கொஞ்ச நாள் இயந்திரத்தின் உதவி தேவைப்பட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் வயரும் குழாயுமாகக் கிடந்த அந்த இரண்டையும் முதன்முதலில் பார்த்த மாமியார் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இதுக தேறாது மிஸ்" என்றார். நான் தேறும் என்று சொன்னேன். என் பேச்சில் அவருக்கு அப்போது நம்பிக்கை இருக்கவில்லை. நியாயம்தான்.

அவரை நம்ப வைத்தது வேறொருத்தி. ஒரு பின்னேரம் பரீனாவுக்குக் காய்ச்சல். தினமும் தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருகிற சாப்பாட்டைத் தன் மகளிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். வங்கியில் வேலை செய்கிற பிள்ளை, வேலை முடிந்து நேரே வந்தாள். நல்ல உயரம், வாய் நிறையச் சிரிப்பு. மீன் சொதியையும் சோற்றையும் வைத்துவிட்டு, "உம்மா சொன்னாங்க, சூடு ஆற முந்தித் திங்கச் சொல்லி" என்று ஒரு அதட்டலும் போட்டுவிட்டுப் போனாள். மாமியார் அவள் படி இறங்கும்வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள் பரீனாவிடம் போனில் கேட்டாராம்: "உங்க மக பொறந்தப்ப எம்புட்டு இருந்துச்சி?"

"ஒரு கிலோவும் இல்ல மாமி."

எத்தனை வருடம் எதிர்வீட்டில் இருந்தார்கள்! அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போனதையும் சோதனை எழுதியதையும் வேலைக்குப் போனதையும் தினம் தினம் கண்டவர்கள். ஆனால் அந்த வீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவர்களுக்குப் போன பிள்ளைதான் ஞாபகம் வந்தது. இருந்த பிள்ளை கண்ணில் படவே இல்லை. அவர்களை மட்டும் சொல்ல என்ன இருக்கிறது? எல்லாக் குறிப்பும் எழுதுகிற நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் வேலை செய்கிற விதத்தில் ஒன்றை மாற்றினேன். இரட்டை என்று தெரிந்த முதல் நாளே தாயிடம் கேட்பேன்: "காலமை பத்து மணிக்கு, புருசனும் மாமியும் இல்லாத நேரம், நீ கூப்பிட்டா உடன வரக்கூடிய ஆள் ஆர்?" அந்த ஆளை அவளே சொல்ல வேண்டும். நான் தெரிவு செய்ய மாட்டேன். சொன்ன பிறகு, அவளுடைய சம்மதத்தோடு, அவளை வைத்துக்கொண்டே, அந்த ஆளுக்கு எல்லாவற்றையும் சொல்வேன். வயிற்றில் எங்கே கை வைத்துப் பார்ப்பது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் ஓட வேண்டும், கார்ட் எங்கே இருக்கிறது என்பதெல்லாம். ஆளின் பெயரும் போன் இலக்கமும் கார்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவேன். மேற்பார்வைக்குக் கந்தோரில் இருந்து வந்தவர்கள் இது என்ன கிறுக்கல் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்கட்டும்.

ஊரார் ரகசியத்தையெல்லாம் அவிழ்த்துக் கொட்டுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். வாயில் பூட்டு இல்லாத மருத்துவமாதுவை எந்த வீடும் உள்ளே விடாது. ஆனால் பூட்டுப் போட முந்தி, எதை உள்ளே வைத்துப் பூட்டுகிறோம் என்று பாருங்கள். யாரை வெளியே விட்டுப் பூட்டுகிறோம் என்றும் பாருங்கள். முடியாத வாக்கை முதல் நாளே முடியாது என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளித்தால் சுளிக்கட்டும்.

பிள்ளைகள் வீட்டுக்கு வர இரண்டு மாதத்துக்கும் மேல் ஆனது. கண்ணாடிப் பெட்டியில் இருந்து எடுத்த பிறகு, உடம்புச் சூட்டுக்காக யோகா ஒன்றையும் மாமியார் ஒன்றையுமாக நெஞ்சோடு கட்டி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். யோகாவின் கணவன் வேலை முடிந்து வந்து, மூன்று முறை சவர்க்காரம் போட்டுக் குளித்து, அப்படியும் பிள்ளைக்கு எண்ணெய் வாசம் பிடித்துவிடுமோ என்று பயந்து பயந்து தூக்குவான். வீட்டுக்கு வந்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று மாடியையும் மூச்சிரைக்க ஏறினேன். இரண்டு வீட்டுக் கதவும் திறந்து கிடந்தன.

பாயில் வெள்ளைத் துணி விரித்து இரண்டையும் கிடத்தியிருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி இருந்தார்கள். மாமியார் சின்னச் சிமிழில் கறுப்புப் பொட்டு மை குழைத்துக்கொண்டு வந்தார். கண் படாமல் இருக்கக் கன்னத்தில் வைக்கிற பொட்டு. வந்தவர், பாய்க்குப் பக்கத்தில் உட்காரவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்ற பரீனாவிடம் போனார். அவள் உள்ளே வராமல் அங்கேயே நின்றிருந்தாள், பழகிய பழக்கம். மாமியார் சிமிழை அவளிடம் நீட்டினார்.

"நீங்க வைங்க."

பரீனா ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். பிறகு கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கச் சிரித்தாள். "நான் வச்சா பிஸ்மி சொல்லித்தான் வைப்பன் மாமி."

"என்னத்தையாவது சொல்லுங்க. ரெண்டுக்கும் வைங்க."

அவள் உள்ளே வந்து பாயில் முழந்தாளிட்டாள். விரலில் மையைத் தொட்டு முதலில் பெண் பிள்ளையின் கன்னத்தில் வைத்தாள். அடுத்தது மகன். அவனுக்கு மேலே கை போய், அப்படியே நின்றுவிட்டது. அவள் யாரை நினைத்தாள் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். மாமியார் குனிந்து அவளுடைய மணிக்கட்டை மெதுவாகப் பிடித்தார். இரண்டு கையும் சேர்ந்து போய் அவன் கன்னத்தில் பொட்டு வைத்தன.

அது கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு வீரிட்டு அழுதான். குறைமாதத்தில் பிறந்தவன் என்று யாரும் சொல்ல முடியாத சத்தம்.